சுகத்துக்கா, ஆத்துமத்துக்கா

உங்கள் தேத்தண்ணீரில் சீனி கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்களே எழும்பிப் போய் வாங்கிக்கொண்டு வந்தீர்கள், அந்த மரியாதைக்குக் குடிக்கிறேன்.

என் பெயர் பிரான்சிஸ்கா. வயது ஐம்பத்தெட்டு. ஊர் அரிப்பு. கணவர் யாகப்பர், கடல்தொழில், காலமாகிவிட்டார். ஒரே மகன் றொட்னி. நீங்கள் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதையும் எழுதுங்கள். செலீனாவைக் காணவில்லை என்று அவள் மகள் நிறஞ்சலா இங்கே முறைப்பாடு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. செலீனா எங்கே என்பது எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். அவசரப்பட்டால் முன்னுக்குப் பின் ஆகிவிடும்.

நீங்கள் மட்டக்களப்புச் சைவக்காரர் என்று வாசலில் நின்ற பொலிஸ்காரி சொன்னா. அப்படியானால் ஒரு விஷயத்தை விளக்கித்தான் ஆக வேண்டும். எங்கள் கோயிலில் பூசைக் கொப்பி எழுதுகிறவள் நான். வேதக்காரர், அதுதான் கத்தோலிக்கர், ஒருவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமென்றால் என்னிடம் வந்து பெயர் சொல்வார்கள். கொப்பியில் இரண்டு பக்கம். உயிரோடு இருக்கிறவர் என்றால் 'சுகம்' என்ற பக்கத்தில் எழுதுவேன். செத்தவர் என்றால் 'ஆத்துமம்'. பூசை தொடங்க முன் எழும்பி நின்று வாசிப்பேன், இன்னாருடைய சுகத்துக்காக, இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று. சண்டைக்கு முந்தி இதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. சண்டை முடிய அடைத்து வைத்த முகாமில் இருந்து எங்களை விட்ட பிறகுதான் வந்தது வில்லங்கம். சனம் வரும், பெயரைச் சொல்லும். "சுகத்துக்கா, ஆத்துமத்துக்கா?" என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கும். ஒரு மனிசி ஆறு மாதம் சுகம், ஆறு மாதம் ஆத்துமம் என்று மாறி மாறிக் கொடுத்தா. எதை எடுக்கிறது என்று ஆண்டவருக்குத் தெரியும்தானே என்பா.

நான் அப்படித் தடுமாறவில்லை. 2009 சித்திரையில் புதுமாத்தளன் பக்கத்தில் றொட்னி எங்களை விட்டுப் பிரிந்தான். ஊருக்குத் திரும்பி வந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு முதல் வெள்ளியும் அவனுக்குச் சுகப் பூசைதான். யாகப்பர் கால் ஏலாதவர். முன் வாங்கில் இருந்து மகனின் பெயரைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

செலீனா எனக்கு இரண்டு வீடு தள்ளி. அவளுடைய மூத்தவன் றொஷானுக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டிக்கு என் கையில்தான் தூக்கிப் போனேன். அவனும் அதே சித்திரையில்தான். பதுங்குகுழிக்கு மேல் செல் விழுந்து வெடித்தது, உள்ளே இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை என்று பக்கத்துக் கூடாரத்துச் சனம் சொன்னது. உடல் பார்த்தவர் இல்லை. செலீனா ஒரு வருடம் மண்ணில் உருண்டு அழுதாள். பிறகு எழும்பினாள். பிறகு ஒவ்வொரு மாதமும் ஆத்துமப் பூசை கொடுத்தாள், கருவாடு காயப்போட்டாள், சிரிக்கவும் சிரித்தாள். உடம்பும் வைத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அப்போது எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

2013 ஆவணியில் மன்னார் மண்டபத்தில் 'முத்தழகி' போட்டி நடந்தது. சண்டை முடிந்த பிறகு தொடங்கின கூத்து. கொழும்பிலிருந்து விளக்கு வரும், முகத்துக்குப் பூசுகிற பெண்கள் வருவார்கள். எங்கள் கரைப் பிள்ளைகள் பதினொரு பேர் சேலையோடு ஒரு நடை, நீளக் கவுனோடு ஒரு நடை நடந்து காட்டுவார்கள். பிறகு கேள்வி. வெல்கிறவள் ஒரு வருடத்துக்கு ஏதாவது சமூகப் பணி செய்து, படத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். முந்தின வருடத்து முத்தழகி எடுத்தது பொலித்தீன் ஒழிப்பு. தாழ்வுபாட்டுக் கரையில் கிரீடத்தோடு குனிந்து நாலு பை பொறுக்கினாள். படம் எடுத்து முடிய அந்த நாலு பையும் அங்கேயே கிடந்தன. இலுப்பைக்கடவைப் பிள்ளை ஒன்று டெங்கு நுளம்பை ஒழிக்கப் போவதாகச் சொன்னது. நல்லது. நுளம்புக்கு மட்டும்தான் நோகும்.

நிறஞ்சலாவின் சட்டையைத் தைத்தவள் நான். அதற்காக மூன்றாம் வரிசையில் கதிரை தந்தார்கள். வென்றால் என்ன பணி செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எங்கட ஊரில ஒரு அம்மா இருக்கிறா. மகன் இல்லாமப் போய் நாலு வருஷம். இண்டைக்கும் அந்தப் பிள்ளைக்குச் சுகப் பூசை குடுக்கிறா. எங்கட அம்மா அழுது முடிச்சவ, அதால ஆறினவ. அழுது முடிக்காத அம்மாமாரை அழ வைக்கிறதுதான் என்ர பணி."

மண்டபம் எழும்பிக் கைதட்டியது. எங்கள் ஊர்ச் சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கிரீடம் அவள் தலைக்குப் போனது. என்னை விற்று வாங்கின கிரீடம். கோபம் வந்ததா என்று கேளுங்கள். வந்தது. ஆனால் நான் கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டி முடிய அவளிடம் போய், சட்டையின் தோள்பக்கம் கொஞ்சம் இறுக்கமோ பிள்ளை என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அவளுடைய பணிக்குப் பெயர் 'பெயர் சொல்லி மன்றாடுவோம்'. சண்டையில் செத்து, உடல் கிடைக்காத எங்கள் ஊர்ச் சனத்தின் பெயர்களை வீடு வீடாகச் சேர்ப்பது. கார்த்திகை இரண்டாம் திகதி கல்லறைத் திருநாள். அன்றைக்குச் சேமக்காலையில், அதுதான் எங்கள் சவக்காலையில், அந்தப் பெயர்களை வாசித்து ஆளுக்கொரு மெழுகுதிரி கொளுத்துவது. நல்ல வேலைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நாற்பத்தொரு பெயர் சேர்ந்தது. கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். தோளில் போடுகிற முத்தழகிப் பட்டி, கிரீடம் ஒன்றும் இல்லாமல், சாதாரணப் பாவாடையோடுதான் வந்தாள்.

"மாமி, றொட்னியின்ர பேர்..."

"போடாதே பிள்ளை. மாமா தாங்கமாட்டார்."

"ஓம் மாமி," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதைக் கவனமாக எழுதுங்கள், ஓம் என்று சொன்னாள்.

திருநாள் அன்று பெயர்களை நான் வாசிக்கவில்லை, அவள் வாசித்தாள். முத்தழகி வாசித்தால்தானே படம். பொன் எழுத்துப் பட்டி தோளில் கிடந்தது. யாகப்பரைப் பிளாஸ்டிக் கதிரையில் கொண்டுபோய் இருத்தியிருந்தேன். முப்பதாவதோ முப்பத்தோராவதோ பெயராக வந்தது. யாகப்பர் றொட்னி. அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். நான் யாகப்பரைப் பார்த்தேன். அவர் சிலுவை அடையாளம் போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிய அவர் எழும்பவில்லை. இருதயம் என்று டொக்டர் எழுதினார். டொக்டருக்கு என்ன தெரியும். மகன் வருவான் என்ற ஒன்றில்தான் அந்த மனிசனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் ஒரு மூச்சில் அறுத்துவிட்டாள். அதுவும் ஓம் என்று சொல்லிவிட்டு. செத்தவீட்டுக்கு வந்து என் காலடியில் இருந்து அழுதாள். பந்தலுக்கு ஆள் பிடித்தவள், கோப்பி ஊற்றினவள் எல்லாம் அவள்தான். ஊர் மெச்சியது. அழகி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். நான் யோசித்தேன். இவளுக்கு வர வேண்டும். அடித்தால் ஒரு நாளில் ஆறும். திட்டினால் ஊர் அவள் பக்கம் நிற்கும். அழுது முடித்தவர்கள் ஆறிவிடுவார்கள் என்று மேடையில் சொன்னாளே, அந்த ஆறினது எது என்று பார்த்தேன். செலீனா. அதைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தை மாதம், செலீனா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்தேன். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த சனத்தில் ஒரு மனிசி கோயிலுக்கு வந்தது என்றேன். இடது புருவத்தில் வெட்டுக் காயம் உள்ள ஒரு பெடியன் அங்கே இருக்கிறானாம், ஊர் அரிப்பு என்று சொன்னானாம், வேறு ஒன்றும் பேசுகிறானில்லையாம் என்றேன். றொஷானின் புருவத்தில் அந்தக் காயம் மூன்று வயதில் என் வீட்டுப் படியில் விழுந்து வந்தது.

"ஆரக்கா அந்த மனிசி? எங்க இருக்குது?"

"பேர் சொல்லாமப் போட்டுது, செலீனா. உனக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு ரெண்டு கிழமையா யோசிச்சனான்."

அவ்வளவுதான் சொன்னேன். அதிகம் சொன்னால் கெட்டுவிடும். செய்தி கொண்டுவந்தவர் பெயர் சொல்லாமல் போய்விட வேண்டும். பிள்ளை மெலிந்திருக்க வேண்டும். பயத்தில் கடிதம் போடாமல் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு செய்திக்கு மேல் வரக் கூடாது. வருகிற செய்தி முந்தினதை விடக் கொஞ்சம், ஒரு இம்மி, நல்லதாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

சரி, அதையும் சொல்கிறேன். 2010இல் நானாட்டானில் பிரதேச செயலகத்தில் நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்றேன். தில்லைநாதன் என்று ஒருவர், எங்களோடு கடைசிவரை ஒரே தறப்பாள் கூடாரத்துக்குக் கீழ் இருந்தவர், என்னைக் கண்டு வரிசையை விட்டு வந்தார். "அக்கா, றொட்னியை என்ர கையாலதான் தாட்டனான்," என்றார். றோட்டோரம், ஒரு பனைக்குக் கீழே, மண்வெட்டி இல்லாமல் தகரத்தால் கிண்டிப் புதைத்தாராம். றொட்னியின் கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, மாதா படம் தைத்துக் கயிற்றில் போடுகிற துணித் துண்டை, எனக்காக வைத்திருந்தார். என் கையால் தைத்த நூல் அதில் இருந்தது. நான் அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, திரும்பவும் வரிசையில் நின்று அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாகப்பர் வாசலில் இருந்தார். செய்தி ஏதும் உண்டோ என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்ல. "ஒரு ஆள் கண்டவராம், மெலிஞ்சுபோனானாம்," என்றேன். அன்றைக்கு அவர் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

மூன்றரை வருடம் அப்படித்தான். பூசா தடுப்பு முகாம் என்றேன், வெலிக்கடைச் சிறை என்றேன், கப்பலில் போன பெடியளோடு போயிருக்கிறான் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். "அப்பிடியோ," என்பார். இதைப் பொய் என்று எழுதாதீர்கள். ஏலாத மனிசனுக்கு மருந்து கொடுக்கிறது பொய்யா?

செலீனாவுக்கும் அதே மருந்துதான் கொடுத்தேன். பங்குனியில் பூசை எழுத வந்தாள். கதவடியில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"அக்கா, இந்த முறை ஆத்துமம் எண்டு எழுதாதேங்கோ."

"அப்ப என்னெண்டு எழுத?"

"சுகம் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம், ஒளிக்க என்ன இருக்கிறது. யாகப்பர் போன பிறகு அன்றைக்குத்தான் சமைத்துச் சாப்பிட்டேன்.

பிறகு செலீனா கருவாடு போடுவதை விட்டாள். பஸ் சத்தம் கேட்டால் றோட்டுக்கு ஓடினாள். றொஷானுடைய நல்ல சேட்டு ஒன்றை அலுமாரியில் இருந்து எடுத்துக் கிழமைக்கு ஒரு தரம் தோய்த்துக் காயப்போட்டாள். நிறஞ்சலா மன்னாரில் ஒரு கந்தோரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவாள். வந்தால் இரண்டு பேருக்கும் சண்டை. அம்மா, அண்ணா இல்லை என்பாள். அந்த வருட ஆவணியில் அவள் கிரீடத்தை அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டிய நாள், தாயைக் கூட்டிப் போக வந்தாள். செலீனா முற்றத்தில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள்.

"உன்ர அண்ணனைச் சாகடிச்சுத்தானேடி முடி வைச்சனி! இண்டைக்குக் கழட்டிக் குடுத்துப்போட்டு வா, அவன் வருவான்!"

நிறஞ்சலா தனியத்தான் போனாள். முகப்பூச்சு எல்லாம் கரைந்து ஓடியது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அவளுக்குத் தாய் இருக்கிறாள், பைத்தியம் பிடித்தாலும் இருக்கிறாள், தலையைத் தடவுவாள். எனக்கு ஆர் இருக்கிறார்கள்?

2015 பங்குனியில், கடல் அமர்ந்திருந்த நேரம், செலீனாவிடம் சொன்னேன், றொஷானைப் போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று. பாஸ்போர்ட் என்றால் நிறஞ்சலாவுக்குத் தெரிந்துவிடும், தடுப்பாள். படகில் போகலாம். தலைமன்னாரில் படகோட்டி ஒருவர் ஏற்றிக்கொண்டு போய்க் கடல் நடுவில் உள்ள மணல் திட்டில் இறக்கிவிடுவார். இந்தியப் பக்கத்துப் படகு வந்து திட்டில் இருந்து ஏற்றிக்கொண்டு போகும். சண்டைக் காலத்தில் எத்தனை சனம் அப்படித்தானே போனது. செலீனா என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். வேண்டாமடி என்று தூக்கினேன்.

பின்னேரப் பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிப் போனேன். புட்டும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தேன். தண்ணீர்ப் போத்தல் ஒன்று. இரண்டு கொண்டுபோகட்டோ என்று கேட்டாள். பாரம், அங்கே போனால் தண்ணீர் தருவார்கள் என்றேன். தோய்த்து மடித்த சேட்டை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் இருந்து கை காட்டினாள்.

ஓட்டியின் பெயரைச் சொல்லமாட்டேன். அவனில் பிழை இல்லை. சொன்ன இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான், இறங்கினது சுகம் என்று எனக்குப் போனும் எடுத்தான். அந்தப் பக்கத்துப் படகுக்கு நான் சொல்லியிருக்கிறேன் என்று அவன் நம்பினான். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தத் திட்டில் மரம் இல்லை, தண்ணீர் இல்லை. பங்குனி வெயில். இரண்டு நாள், கூடினால் மூன்று. பிறகு வைகாசிக் காற்றில் திட்டு தண்ணீருக்குள் போய்விடும் என்பது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எழுதிவிட்டீர்களா? நல்லது. வாசித்துக் காட்டத் தேவையில்லை.

நிறஞ்சலா ஏழு மாதம் தேடினாள். தாயின் படத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலில் நின்றாளே, கண்டிருப்பீர்கள். போன வெள்ளிக்கிழமை என்னிடம் வந்தாள். நல்லாய்க் கறுத்துப்போனாள்.

"மாமி, அம்மாவுக்கு ஒரு பூசை எழுத வேணும்."

நான் பேனையை எடுத்தேன். கேட்டேன். "சுகத்துக்கா, ஆத்துமத்துக்கா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். ஐயா, அதற்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். நானும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தெரியேல்ல மாமி என்று மேசையில் தலையை வைத்து அழுதாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எழும்பிப் போய்த் தலையைத் தடவிக்கூட விட்டேன்.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

"இப்பதான் மாமாவை எனக்கு விளங்குது, மாமி. அண்டைக்கு நான் உங்களுக்குச் சொன்ன சொல்லை மீறினதுக்கு நீங்கள் என்னை ஒருக்காலும் ஏசேல்ல. ஆனா மாமாதான் கேட்டவர். திருநாளுக்கு முதல் நாள் பொல்லை ஊண்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்தவர். 'என்ர பிள்ளையின்ர பேரையும் வாசி, அவன் செத்து நாலு வருஷமாகுது, ஒரு மெழுகுதிரியும் இல்லாமக் கிடக்கிறான்' எண்டு சொன்னவர். தில்லைநாதன் அண்ணை அவருக்கும் சொல்லிப்போட்டாராம். 'எனக்குத் தெரியுமெண்டு மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதே, பிள்ளை. அவள் ஒவ்வொரு கதையாக் கொண்டு வாறாள், நான் நம்புறன் எண்டதிலதான் அவள் உயிரோட இருக்கிறாள்' எண்டவர்."

நான் கொப்பியை மூடினேன். அன்றையிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதுதான் இன்றைக்குப் பஸ் ஏறி வந்தேன். செலீனாவின் விஷயத்துக்கு எங்கே கையெழுத்து வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டை மேல் ஒரு முறைப்பாடு எழுத வேண்டும். செத்த மனிசன் மேல் பொய் சொல்கிறாள். முப்பத்தொரு வருடம் அவரோடு குடும்பம் நடத்தினவள் நான், எனக்குத் தெரியாதா? பெயர் வாசித்த பிறகு அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார், நல்லாய் நித்திரை கொண்டார், செய்தி ஏதும் உண்டோ என்று ஒரு தரமும் கேட்கவில்லை, நீயும் சாப்பிடன் என்று என் கோப்பையில் மீன் எடுத்து வைத்தார். அது அதிர்ச்சி. அதிர்ச்சி வந்தால் மனிசர் அப்படித்தான் இருப்பார்கள். எழுதுங்கள் ஐயா, யாகப்பர் நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார்.